கீமோ ஊசி போட்ட பிறகு வரும் இருபது நாளை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (எங்கள் மலைக் கிராமத்தை அப்படித்தான் சொல்வோம்) எழுதுகிறேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, அதில் கொழுந்து பறித்துத்தான் அம்மா எங்களைப் படிக்க வைத்தார். அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, கோவையில் ஆபரேஷன் நடந்து, பக்கத்து நெறிக்கட்டிகளிலும் பரவியிருந்ததால் எட்டு சுற்று கீமோ சொன்னார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறார். ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது, அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. நான் சொல்ல வருவது வேறு.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில், மூன்று வருடத்துக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்க்குப் பகல்நேர சிகிச்சை மையம் வரும், 2025-26இலேயே 200 மையங்கள் என்று மத்திய அரசு அறிவித்தது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, 700 படுக்கைகளோடு புது மருத்துவமனையும் திறந்துவிட்டார்கள். மலையிலேயே கீமோ போட்டுக்கொள்ளலாம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் நாற்காலியும் டிரிப்ஸ் ஸ்டாண்டும் மட்டும் வந்தால் போதாது. அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

அம்மாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. முதல் நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், அன்றிலிருந்து பதினான்கு நாள் வீட்டில் காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் கேப்சிடபைன் மாத்திரை, அப்புறம் ஏழு நாள் இடைவெளி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 21 நாளில் டாக்டர், நர்ஸ் கண்ணில் படுவது ஒரே ஒரு நாள். மீதி இருபது நாளும் இங்கே மலையில், ஒன்றும் தெரியாத எங்களோடு.

முதல் சுற்று ஜனவரியில். ஊசி போட்டு இரண்டாவது நாள், வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. அம்மா வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து முகம் கழுவ வாளியில் கை விட்டவர் அலறிக்கொண்டு கையை எடுத்தார். கரண்ட் அடித்த மாதிரி இருந்ததாம். என்னவோ ஏதோ என்று உள்ளே வந்து குடத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான், தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு உள்ளே போகவில்லை என்று கையைக் கையை ஆட்டினார். பக்கத்து வீட்டு காரை எழுப்பி எடுத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு (காற்று வரட்டும் என்று நினைத்தேன், அந்தக் குளிர்காற்றே அவருக்கு ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்) பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். ஈசிஜி எடுத்தார்கள், ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. பயத்தில் வந்திருக்கும் என்றார்கள். என்ன மருந்து ஏறியிருக்கிறது என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஃபைலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டால், டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது சுற்றுக்குப் போனபோது டிரிப்ஸ் போட்ட சிஸ்டரிடம் அம்மாவே இதைச் சொன்னார். அவர் உடனே, "அம்மா, இது இந்த மருந்தோட குணம், நரம்பு குளிரைத் தாங்காது, மூச்சு அடைக்கிற மாதிரி தெரியும், ஆனா நிஜமா அடைக்காது. ஒரு வாரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணிதான், பச்சைத்தண்ணி தொடாதீங்க, ஃப்ரிட்ஜ் கதவை வெறுங்கையால பிடிக்காதீங்க, வெளிய போனா வாயையும் மூக்கையும் மஃப்ளரால மூடிக்கங்க" என்றார். இரண்டு நிமிடப் பேச்சு. கோவையில் இருப்பவருக்கு இதைச் சொல்ல மறந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம், கோத்தகிரிக்காரருக்கு ஜனவரியில் சொல்லாமல் அனுப்பலாமா?

சரி, குளிர்தானே ஆகாது என்று நாங்கள் பாட்டுக்கு அம்மாவை அடுப்படியிலேயே உட்கார வைத்தோம். கை இரண்டையும் தீயில் காட்டிக் காட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சுற்றில் உள்ளங்கை சிவந்து, எரிந்து, தோல் உரிய ஆரம்பித்தது, பாதமும் அப்படியே. அது டிரிப்ஸால் வந்ததல்ல, மாத்திரையால் வருவது, அந்தத் தோலுக்குச் சூடு ஆகாது. ஒரு மருந்துக்குக் குளிர் ஆகாது, இன்னொரு மருந்துக்குச் சூடு ஆகாது, இரண்டும் ஒரே உடம்பில். இதைச் சேர்த்து யோசித்துச் சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. ரேஷன் கடையில் அம்மாவின் கைரேகை விழவில்லை, நாலைந்து விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றவர்கள் முன்னால் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் நான் போய் என் ரேகையை வைத்து வாங்கி வந்தேன். கேப்சிடபைன் எடுப்பவர்களுக்கு ரேகை தேய்ந்து போவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் என்று பிறகு படித்தேன்.

கை பிழைத்தால்தானே எங்கள் ஊர் பெண்களுக்குப் பிழைப்பு, அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கேப்சிடபைன் எடுக்கும் 264 பேரிடம் ஒரு ஆய்வு செய்து 2024இல் வெளியிட்டார்கள். மூட்டுவலிக்குத் தடவுவோமே, டைக்லோபினாக் ஜெல், அதைக் கையில் தடவியவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகத்தான் இந்தத் தொந்தரவு நடுத்தரமாகவோ கடுமையாகவோ வந்தது, மருந்து கலக்காத வெறும் ஜெல் தடவியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு வந்தது. எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் மருந்து. டாக்டரைக் கேட்காமல் யாரும் தடவ வேண்டாம், ஆனால் கேட்கவாவது தெரிய வேண்டும் இல்லையா?

எல்லாவற்றிலும் மோசம் வயிற்றுப்போக்குதான். நான்காவது சுற்றில் பத்தாவது நாள் ஆரம்பித்தது. அம்மா யாரிடமும் சொல்லவில்லை, மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை போயிருக்கிறார், ஆனாலும் மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கியிருக்கிறார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வந்துவிடும் என்ற பயம். உண்மையில் வழக்கத்தைவிட நான்கு தடவை கூடுதலாகப் போனாலே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும், நிறுத்துவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான் என்று யாராவது ஒருவர் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தால் போதும். மூன்றாவது நாள் நாக்கு வறண்டு, சிறுநீர் இல்லாமல் மயங்கி விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 108இல் மலை இறங்கினோம். பொட்டாசியம் ரொம்பக் குறைந்திருந்தது, ஆறு நாள் படுக்கை. இதே நாட்களில்தான் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் இறங்கும், அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, மிளகுக் கஷாயம் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை தெர்மாமீட்டரே கிடையாது.

அதற்குப் பிறகுதான் கீமோ போட்ட மருத்துவமனையில் ஒரு மாற்றம் செய்தார்கள், அதுதான் அம்மாவை எட்டு சுற்றும் தாண்ட வைத்தது. புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் கூப்பிட்டார். எத்தனை தடவை போச்சு, வாயில் புண் இருக்கா, கை எப்படி இருக்கு, சாப்பாடு இறங்குதா, இவ்வளவுதான் கேள்வி. பெண்ணிடம் என்பதால் அம்மா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். மருந்தாளுநர் ஒருவர் அம்மா போடும் மற்ற மாத்திரைகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தப்போக்கே வரலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். உணவு ஆலோசகர் கஞ்சி, மோர், வாழைப்பழம், முட்டை என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டை வைத்தே சொன்னார். ஆறாவது சுற்றில் அம்மா ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை, விரல் நுனி மரத்தே இருக்கிறது என்று அந்த நர்ஸிடம் சொல்ல, அவர் டாக்டரிடம் சொல்ல, டாக்டர் அடுத்த சுற்றிலிருந்து டிரிப்ஸை நிறுத்தி மாத்திரையை மட்டும் தொடர்ந்தார். தொடர்ந்து போட்டிருந்தால் அந்த மரப்பு நிரந்தரமாகவே நின்றிருக்கலாம். இது எந்த மெஷினும் கண்டுபிடித்ததல்ல, ஒருவர் கேட்டார், இன்னொருவர் காது கொடுத்தார்.

இப்படிக் கேட்பதால் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ எடுத்த 766 பேரிடம் பார்த்தார்கள். தொந்தரவுகளைத் தாங்களே அவ்வப்போது பதிவு செய்து, மோசமானால் நர்ஸுக்கு உடனே தகவல் போகும்படி செய்த குழுவில் பாதிப் பேர் 31 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், வழக்கமான முறையில் அது 26 மாதம். அது 2017இல் வெளியானது. அதில் இருந்தவர்கள் மார்பகம், நுரையீரல் போன்ற வேறு புற்றுநோய் முற்றியவர்கள், குடல் நோயாளிகள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்லாமல் மறைத்துக் கஷ்டப்படுவது எல்லா இடத்திலும் ஒன்றுதானே.

எனவே மாவட்ட நிர்வாகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்பது இதுதான். மையம் எங்கே நடந்தாலும், கீமோ தெரிந்த இரண்டு நர்ஸாவது இரவும் பகலும் மாறி மாறிப் போன் எடுக்க இருக்கட்டும். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க எங்கள் வீட்டுப் படி ஏறும் அந்தத் தன்னார்வலர் அக்காவுக்கு, கீமோ எடுப்பவர் வீட்டில் கேட்க வேண்டிய ஐந்து கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள். ஊசி போட்டு அனுப்பும்போதே மருந்துப் பெயர், தேதி, எப்போது பயப்பட வேண்டும் என்று தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள், அதைப் பார்த்தால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எந்த ஊர் டூட்டி டாக்டருக்கும் என்ன செய்வது என்று புரிய வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்தால் கோவைக்கு இறங்க முடியாது, 2009 நவம்பரை நாங்கள் மறக்கவில்லை. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் ஆள் பிழைக்கும்.

பக்கத்து ஹட்டியில் ஒரு மாமாவுக்கு அடுத்த வாரம் இதே மருந்து ஆரம்பிக்கிறது. அம்மா அவருக்குத் தன்னுடைய கம்பளிக் கையுறையையும் தெர்மாமீட்டரையும் கொடுத்தனுப்பினார், நான் தெரிந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்ற இடத்தில் 108க்குக் கீழே என் நம்பரைத்தான் போட்டிருக்கிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது ஐயா.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.