இம்மொபிலைசர் பழுதை அளந்து பார்க்காமல் பாகங்களை மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்
தங்கள் பணிமனையின் வாடிக்கையாளர்,
ராயபுரம், சென்னை – 600 013.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
சென்னை.

நாள்: 09.01.2026

பொருள்: 2004-ஆம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் காரின் அலாரம், இம்மொபிலைசர் பழுது – தேவையின்றி மாற்றிய பாகங்களுக்கான தொகையையும் பழைய பாகங்களையும் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என்னுடைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை இருமுறை பதிவு புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, இருபத்தோரு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கடந்த அக்டோபர் இறுதியில், வடகிழக்குப் பருவமழை வலுத்த வாரத்தில், அந்த வண்டி நள்ளிரவில் தானாகவே அலறத் தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றியது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை, டேஷ்போர்டில் இம்மொபிலைசர் (சரியான சாவியை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) விளக்கு விடாமல் மினுக்கியது. வெயில் ஏறிய பிறகு எதுவுமே நடக்காததுபோல் ஓடியது. இரவில் அலறுவது, காலையில் இன்ஜின் பிடிக்காதது, ஈரம் காய்ந்ததும் சரியாகிவிடுவது ஆகிய மூன்றையும் ஜாப் கார்டில் (பணிமனையின் வேலைப் பதிவுச் சீட்டில்) எழுதும்படி கேட்டுக்கொண்டேன். என் கையிலுள்ள நகலில் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பது மட்டுமே இருக்கிறது.

நவம்பர் 3 அன்று வந்த தங்கள் டோ வண்டியின் ஓட்டுநர், கார் மிகவும் தாழ்ந்தது என்பதைக் கண்டு பலகை போட்டு அடி உரசாமல் ஏற்றினார். அதற்கு நன்றி கூறுகிறேன். பணிமனையில் அந்தக் கவனத்தை நான் காணவில்லை. சாவியிலுள்ள சிப் செத்துவிட்டது என்று கூறி, புதிய சாவியையும் சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள ஆன்டெனா காயிலையும் மாற்றி, ஜிஎஸ்டி உட்பட ரூ.21,400 வாங்கினீர்கள். என்னிடமிருந்த இரண்டாவது சாவியிலும் அதே கோளாறுதான் என்பதை அன்றே செய்து காட்டினேன். அந்தச் சிப்புக்குத் தனி பேட்டரி கிடையாது. காயில் உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலேயே அது உயிர் பெற்றுத் தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. அலமாரியில் கிடந்த சாவியின் சிப்பும், தினமும் பயன்படுத்திய சாவியின் சிப்பும் ஒரே நாளில் கெடுமா என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் வண்டி மீண்டும் நின்றது.

இரண்டாம் முறை, அலாரத்துக்கும் இம்மொபிலைசருக்கும் பொதுவான கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றி ரூ.68,500 வாங்கினீர்கள். "பழைய வண்டி என்றால் இப்படித்தான் சார்" என்று தங்கள் ஆலோசகர் சொன்னது என்னைப் பெரிதும் வருத்தியது. டிசம்பர் முதல் வாரத்து மழையில் அதே அலறல், அதே விளக்கு, அதே நிலைமை.

நான் மணலியில் ஓர் ஆலையின் அளவைக் கருவிகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாவியைப் பதிவு செய்யும் கருவி என்னிடம் இல்லாததால்தான் தங்களிடம் வந்தேன். மூன்றாம் முறை, கல்மண்டபம் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, ஈரம் காயும் முன்பே இருவருமாக மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். ஓய்வில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது, குறையில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10.4 வோல்ட் இருந்தது, அதே நேரத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பில் 8.1 வோல்ட்தான் வந்தது. பாசிட்டிவ் பக்கத்தில் இழப்பு ஏறக்குறைய இல்லை. 2 வோல்ட்டுக்கு மேல் எர்த் பக்கத்தில், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கத்தில், போய்க்கொண்டிருந்தது. பேட்டரித் தட்டைக் கழற்றியதும், அடியில் இருந்த எர்த் போல்ட் முழுவதும் பச்சைக் களிம்பும் துருவும் ஏறியிருப்பதைக் கண்டோம். கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று இதைச் செய்யும் என்பது இப்பகுதி மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்ததே.

அந்த ஒரு போல்ட்டே இரண்டு கோளாறுகளுக்கும் காரணம். செல்ஃப் சுற்றும்போது பெட்டிக்கு மின்னழுத்தம் போதாமல், சாவியை அடையாளம் காணும் முன்பே அது அணைந்து எழுந்தது. அனுமதி கிடைக்காததால் இன்ஜின் கணினி எரிபொருளை விடவில்லை. சைரனும் அதே எர்த்தில்தான் இணைந்திருக்கிறது. திருடன் ஒயரை அறுத்தாலும் கத்துவதற்கென்றே அதற்குள் தனி பேட்டரி இருப்பதால், எர்த் விட்டுவிட்டு வந்தபோதெல்லாம் ஒயர் அறுபட்டதாகக் கருதி அது அலறியது. தாங்கள் பெட்டியை மாற்றியபோது பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் அந்த ஒயர் அசைந்து, சில நாள் தொடர்பு கிடைத்திருக்க வேண்டும்; அதையே பழுது நீங்கியதாக எடுத்துக்கொண்டீர்கள். போல்ட்டைத் தேய்த்து, ஒயர் நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து, கிரீஸ் தடவி முடிக்க ஆன செலவு ரூ.850. அதன்பின் பெய்த மழைகளில் ஒருமுறைகூடக் கோளாறு வரவில்லை.

எங்கள் தெரு குறுகியது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து போகிறவர்களும், இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு பெரியவரும் இங்கே இருக்கிறார்கள். பல இரவுகள் அவர்கள் தூக்கம் என் வண்டியால் கெட்டது. ஒவ்வொரு வீட்டிலும் போய் மன்னிப்புக் கேட்டேன். முதல் முறையே எர்த்தை அளந்திருந்தால் அவர்களுக்கு இந்தத் துன்பம் நவம்பரிலேயே தீர்ந்திருக்கும்.

எனவே, இரண்டு பில்களின் தொகையான ரூ.89,900-ஐத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பழைய பெட்டியைச் சோதித்துப் பொருத்திவிட்டு, புதியதைத் தாங்களே எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தொகையைவிட அவசரமானது வேறொன்று: நான் கொடுத்த இரண்டு பழைய சாவிகளும், கழற்றிய பெட்டியும், சாவி பதிவு செய்வதற்கான ரகசியக் குறியீட்டுத் தாளும் இன்னும் தங்களிடமே உள்ளன. அவை என் உடைமைகள். அவற்றை வைத்திருப்பவர் என் வண்டியைத் திறக்க முடியும் என்பதால், ஏழு நாட்களுக்குள் ஒப்புதல் கையொப்பத்துடன் அவற்றை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். இரு முறையும் என்னென்ன அளவீடுகள் எடுக்கப்பட்டன என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். இரண்டு பில்கள், ஜாப் கார்டு நகல், எர்த் போல்ட்டின் புகைப்படங்கள், மீட்டர் அளவுகள் குறித்த தாள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)