கராஜின் நடுத்தூணுக்காக ஒரு வார்த்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீடு கட்டுவோருக்காக வெளியான கட்டுரையைப் படித்தேன். இரண்டு கார் நிற்கும் கராஜுக்கு 16 அடி அகலத்தில் ஒரே கதவு வைப்பதுதான் இக்கால வழக்கம், நடுவே ஒரு தூணை நிறுத்தி இரண்டு சிறு கதவுகள் வைப்பது பழைய பாணி என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கராஜ் கதவுகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும்தான் என் பிழைப்பு. அந்த ஒரு வரியை நம்பி யாரும் சுவரை உடைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் கதவைச் சாலையில் நின்று பார்த்திருக்கிறார். நான் பார்ப்பது உள்ளேயிருந்து, ஏணியின் மேல் நின்று. அங்கே கதவுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புத் தண்டும், அதைச் சுற்றி முறுக்கு ஸ்பிரிங்குகளும் இருக்கும். கதவைத் தூக்குவது மோட்டார் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்; மோட்டார் அதை நகர்த்திவிடுகிறது, அவ்வளவுதான். வழக்கமாகப் பொருத்தப்படும் ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடுவதற்கென்று செய்யப்படுவது. காலையில் ஒரு கார் வெளியே போய் மாலையில் திரும்பினால் இரண்டு முறை ஆயிற்று. இரண்டு கார்களும் ஒரே கதவு வழியாகப் போய்வந்தால் நாளுக்கு நான்கு முறை; ஏழு ஆண்டு முடிவதற்குள் ஸ்பிரிங்கின் ஆயுள் தீர்ந்துவிடும். இரட்டைக் கதவில், அதாவது காருக்கு ஒன்றாக இரண்டு சிறு கதவுகள் வைத்தால், ஒவ்வொன்றின் ஸ்பிரிங்கும் 13 ஆண்டுகளுக்கு மேல் வரும்.

கடைசியில் மாற்ற வேண்டிய ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று என் தொழிலில் இருப்பவர்களே வாதிடுவார்கள். இருக்கட்டும். ஸ்பிரிங் எப்போது உடைகிறது என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். கதவு மூடியிருக்கும்போதுதான் அது முழு முறுக்கில் இருக்கிறது. ஆகவே பெரும்பாலும் கார்கள் உள்ளே நிற்கும் வேளையில், விடியற்காலையிலோ அலுவலகம் கிளம்பும் நேரத்திலோ, வெடிச்சத்தத்தோடு உடைகிறது. அகலக் கதவு என்றால் இரண்டு கார்களும் சிறை. வெப்பக்காப்பு அடைத்த 16 அடி எஃகுக் கதவு 70 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஸ்பிரிங்கின் துணையில்லாமல் அதைத் தூக்க மோட்டாரையும் வதைக்கக் கூடாது, முதுகையும் வதைக்கக் கூடாது. எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் மிகவும் பதற்றமானவை இந்த வீடுகளிலிருந்து வருபவைதான். இரண்டு கதவுள்ள வீட்டுக்காரர் நிதானமாகப் பேசுவார், சாயங்காலம் வந்தால் போதும் என்பார். (வீட்டில் யாரும் ஸ்பிரிங்கைத் தாங்களே கழற்ற முயல வேண்டாம். அதில் தேங்கியிருக்கும் விசை விரலையும் மணிக்கட்டையும் முறித்துவிடும்.)

அடுத்தது லிண்டல், அதாவது வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்தரம். 8 அடி இடைவெளியை 16 அடியாக்கினால் அதன் மேலுள்ள உத்தரத்துக்கு இரண்டு மடங்கு வேலை என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியில்லை. அடிக்கு இவ்வளவு என்று சுமை ஒரே சீராக இருந்தால், உத்தரத்தை வளைக்கும் விசை நான்கு மடங்காகிறது. அதே கனத்தில் உத்தரத்தை விட்டுவைத்தால் அதன் தொய்வு 16 மடங்காகிறது. மேலே மாடி அறை இருந்தால் கேட்கவே வேண்டாம். நடுத்தூணை எடுத்துவிட்டால் முகப்பு விசாலமாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அந்த விசாலத்துக்கு இரும்பிலும் கான்கிரீட்டிலும் விலை கொடுக்க வேண்டும். ஒரு கதவு, ஒரு மோட்டார், ஆகவே சிக்கனம் என்று எழுதிய கட்டுரையாளர் லிண்டலைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

காற்றுக்கும் இதே கணக்குத்தான். மூடிய கதவு இரண்டு பக்கத் தண்டவாளங்களுக்கு இடையே நிற்கும் பலகை. அகலம் இரட்டித்தால் காற்று அதை வளைக்கும் விசை நான்கு மடங்கு. அதனால்தான் அகலக் கதவின் உட்புறத்தில் குறுக்கே வலுச்சட்டங்களை அடிக்கிறோம். புயலில் கதவு உள்வாங்கிவிட்டால் காற்று கராஜுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். சூறாவளி வரும் பகுதியில் இருப்பவர்கள் கதவின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் அது எவ்வளவு காற்றழுத்தத்தைத் தாங்கும் என்று கேட்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் எல்லோருக்கும் இரட்டைக் கதவைத்தான் பரிந்துரைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். 8 அடிக் கதவு இரண்டு வைத்தவர்கள் பலர் கண்ணாடியை உரசிக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறார்கள். இன்றைய கார்கள் பக்கக் கண்ணாடிகளை விரித்தால் ஆறரை, ஏழு அடியைத் தொடுகின்றன. ஒவ்வொரு பக்கமும் ஆறு முதல் ஒன்பது அங்குலமே மிஞ்சும். கதவு 9 அடியாக இருந்தால்தான் நிம்மதி. நடுத்தூணுக்குப் பின்னால் இரண்டு கதவுகளின் தண்டவாளங்களும் அருகருகே நிற்க வேண்டும், அதற்கு ஓர் அடி. இரு ஓரங்களிலும் சுவர் வேண்டும். ஆக உள் அகலம் 21, 22 அடி இல்லாத கராஜில் இரட்டைக் கதவு பேச்சே எடுக்க வேண்டாம். அங்கே 16 அடிக் கதவுதான் சரி.

பாதை நேராக வராமல் பக்கவாட்டில் வந்து திரும்பும் வீடுகளிலும் அகலக் கதவே நல்லது. திரும்பும் காருக்கு நடுத்தூண் எப்போதும் தப்பான இடத்தில்தான் நிற்கும். இன்னொன்றும் உண்டு, இதை யாரும் எழுதுவதில்லை: தூண் வாசலில் மட்டும் இருந்தாலும், கார் உள்ளே எங்கே நிற்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அகலக் கதவென்றால் ஒரு காரை இடது சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, மறுபக்கம் சக்கர நாற்காலி இறங்க ஐந்து அடி விடலாம். முதியவரையோ நடக்க இயலாதவரையோ காரில் ஏற்றி இறக்கும் வீட்டில் நான் மேலே சொன்ன ஸ்பிரிங் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம்.

மழைச்சாரலும் குளிரும் நுழையும் இடுக்குகளைப் பார்த்தாலும் அகலக் கதவுக்கே ஒரு புள்ளி. மேலும் கீழும் ரப்பர் பட்டையின் நீளம் சமம். 7 அடி உயரக் கதவில் இரட்டைக் கதவுக்குப் பக்கவாட்டில் 14 அடி கூடுதல். பட்டையை ஒழுங்காகப் பொருத்தினால் இது பெரிய விஷயமில்லை.

கட்டுரையில் எனக்கு மிகவும் உறுத்தியது, பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்ற வாசகம். எந்தப் பக்கம் மாற்றுவது? அகல வாசலின் நடுவே ஒரு தூணை நிறுத்தி இரண்டாக்குவது சில நாள் வேலை. சுமை தாங்கும் நடுத்தூணை எடுத்து இரண்டை ஒன்றாக்குவது மேல்சுவரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, புது உத்தரம் ஏற்றும் வேலை. ஆகவே, புதிதாகக் கட்டுபவரிடம் பணமும் இடமும் இருந்தால் நான் சொல்வது இதுதான்: 19 அடி முழு வாசலுக்கும் போதுமான லிண்டலைப் பொறியாளரைக் கொண்டு கணக்கிட்டுப் போடுங்கள். நடுவில் நிற்கும் தூண் எந்தச் சுமையும் தாங்காமல், லிண்டலுக்கும் அதற்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு நிற்கட்டும். இரண்டு 9 அடிக் கதவுகளைப் பொருத்துங்கள். என்றைக்காவது சக்கர நாற்காலியோ பெரிய வண்டியோ வந்தால் தூணை அறுத்து எடுத்துவிட்டு, இரு ஓரங்களிலும் அரையடி அடைத்து 18 அடிக் கதவு போட்டுத் தர ஒரு மெக்கானிக்கால் முடியும்.

இணைப்பில் இனி கராஜ் படங்களை வெளியிடும்போது, கதவின் அளவோடு கராஜின் உள் அகலத்தையும் படத்தின் கீழே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வருபவர்களிடம் அதைத்தான் நான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கராஜ் கதவு மெக்கானிக் ஒருவர்