கலானிஷ் கற்களும் ட்ரூயிட் கதையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளியான ஸ்காட்லாந்துப் பயணக் கட்டுரையில், லூயிஸ் தீவிலுள்ள கலானிஷ் கல்வட்டத்தை 'ட்ரூயிட் பூசாரிகள் கட்டிய கோவில்' என்று எழுதியிருந்தது கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். அவ்வட்டம் கி.மு. 2900-க்கும் 2600-க்கும் இடைப்பட்ட காலத்தது என்பது அகழாய்வின் முடிவு. பண்டைய கெல்ட்டிய மக்களின் பூசாரிகளான ட்ரூயிட்டுகளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளோ பெரும்பாலும் ஜூலியஸ் சீசர் காலத்தையும் (கி.மு. முதல் நூற்றாண்டு) அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை. இடையில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இருக்கின்றன.

இப்பிழைக்குக் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தீவுக்குச் சென்ற மார்ட்டின் மார்ட்டின் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர், வட்டத்தின் நடுவிலுள்ள பெரிய கல்லின் அருகே தலைமை ட்ரூயிட் நின்று மக்களிடம் பேசினார் என்று ஊரார் கூறியதை 1703இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். சொன்னவர்கள் மறைந்தும் சொல் நிலைத்துவிட்டது.

அங்கே கற்களை விடவும் அவற்றைச் சூழ்ந்த மண்ணே எனக்கு அதிகம் சொல்லியது. ஈரம் மிகுந்த அத்தீவில் மட்கிய தாவரங்கள் கரிமண்ணாகப் படிந்து படிந்து, 1857இல் தீவின் உரிமையாளரான ஜேம்ஸ் மாதிசன் அதை வெட்டி அகற்றச் செய்தபோது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கற்களை மூடியிருந்தது. அதன் பிறகே, 13 கற்களின் வட்டத்துக்குள் ஒரு சிறிய ஈம அறை இருப்பது தெரியவந்தது. அவ்வறையும் வட்டத்தோடு ஒருசேரக் கட்டப்பட்டதன்று, பின்னர் சேர்க்கப்பட்டது. ஆக, 'கட்டியவர்கள்' என்று ஒரே கூட்டத்தாரைச் சுட்டுவதே பொருந்தாது. வடக்கே நீளும் இரட்டைக் கல்வரிசையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லாதது வியப்பளித்தது. 18.6 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அங்கிருந்து பார்ப்போர்க்கு முழுநிலவு தெற்கு மலைகளின் விளிம்பை ஒட்டித் தாழ்வாக நகர்வது தெரியும். அதற்காகவே கற்களை நட்டார்களா என்று அறுதியிட்டுரைக்க எவராலும் இயலாது.

கதைதான் வேண்டுமெனில், உள்ளூர்க் கேலிக் மொழியில் அக்கற்களுக்கு வழங்கும் பெயரைத் தந்திருக்கலாம். அதன் பொருள் 'பொய் மனிதர்கள்'. சாரல் மழையில் ஸ்டோர்னவே சாலையிலிருந்து இறங்கி நடந்த எனக்கும், மேட்டின் மேல் சிலர் காத்து நிற்பதாகவே முதலில் தோன்றியது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கிளாஸ்கோ