நின்ற இதயத்துக்கு முதலில் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அவசர அழைப்பை எடுப்பவர்களுக்கும், ஆம்புலன்ஸ் குழுவினருக்கும், அவர்கள் வரும்வரை நெஞ்சை அழுத்திய பொதுமக்களுக்கும் வணக்கம்.

இதயத்துடிப்பு நின்று எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர் கண் விழித்து வீட்டாரை அடையாளம் கண்டுகொண்டால், எல்லோரும் எங்களைத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அவருடைய மூளையைக் காத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். அதை ஊரறியச் சொல்லவே இந்த மடல்.

அழைப்பை எடுத்தவருக்கு முதல் நன்றி. “மூச்சு இருக்கு, எப்பவாவது ஒரு தடவை வாயைத் திறந்து இழுக்கிறாரு” என்று எதிர்முனையில் பதறும்போது, அது மூச்சல்ல, இதயம் நின்றபின் சில நிமிடம் வரும் வெறும் இழுப்பு என்று உடனே பிடித்துக்கொள்கிறீர்கள். அதை மூச்சென்று நம்பிக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அழுத்தமும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது.

போனை ஸ்பீக்கரில் போட்டு, மெத்தையிலிருந்து தரைக்கு இறக்கி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்தியவரே, உங்களுக்கு நன்றி. மெத்தையிலேயே அழுத்தியிருந்தால் பாதி பலம் பஞ்சுக்குத்தான் போயிருக்கும். விலா எலும்பு முறிந்ததே என்று நீங்கள் வருந்த வேண்டாம், அது ஆறிவிடும்.

ஆம்புலன்ஸ் குழுவினரே, உங்கள் வேலையில் எங்களை வியக்கவைப்பது, கை எடுக்காமல் அழுத்தும் ஒழுங்கு. 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுவது. களைத்த கைகள் அறியாமலே நெஞ்சின் மீது சாய்ந்துவிடும். அப்போது இதயத்துக்குள் ரத்தம் திரும்பி நிரம்பாது. அதனால்தான் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறீர்கள். அழுத்துவதை நிறுத்திய கணமே இதயத் தசைக்குப் போகும் ரத்தத்தின் அழுத்தம் சரிகிறது. அதை மீட்க மறுபடி பல அழுத்தங்கள் வேண்டும். மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியான டிஃபிபிரிலேட்டர் சார்ஜ் ஆகும்போதும் அழுத்திக்கொண்டே இருந்து, ‘விலகுங்கள்’ என்று சொல்லி ஷாக் கொடுத்து, நாடி பார்க்கக்கூட நிற்காமல் உடனே தொடர்வது சின்ன வேலை இல்லை. வியர்த்த மார்பைத் துடைத்து, மருந்துப் பட்டை ஒட்டியிருந்தால் உரித்துவிட்டு, அந்தக் கருவியின் மின்சாரத்தை உடலுக்குள் செலுத்தும் பேடின் ஓரம் தூக்காமல் அழுத்தி ஒட்டியிருப்பீர்கள். ஓரம் தூக்கியிருந்தால் மின்சாரம் சரியாக உள்ளே போகாது.

பையை அழுத்தி மூச்சு கொடுப்பவருக்குத் தனி நன்றி. பதற்றத்தில் எந்தக் கையும் வேகமாகத்தான் அழுத்தும். மூச்சுப்பாதையில் குழாய் போட்டபின் 6 நொடிக்கு ஒரு மூச்சு, நெஞ்சு லேசாக எழும் அளவு மட்டும் என்று கையைக் கட்டுப்படுத்துகிறீர்கள். கூடுதல் காற்று மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்துவிடும்.

ஓடும் வண்டியில் சரியாக அழுத்த முடியாது என்பதால், கூட்டம் “தூக்கிட்டுப் போங்க” என்று கத்தினாலும் அங்கேயே தரையில் சிகிச்சையைத் தொடர்ந்த உறுதிக்கும் நன்றி. விழுந்த நேரம், அழுத்தத் தொடங்கிய நேரம், எத்தனை ஷாக், எத்தனை முறை 1 மி.கி. அட்ரினலின் மருந்து, நாடி திரும்பிய நேரம் என்று நீங்கள் கையுறைப் பெட்டியின் அட்டையில் கிறுக்கித் தரும் வரிகளை வைத்தே எங்கள் அடுத்த முடிவுகளை எடுக்கிறோம்.

இவ்வளவும் செய்தும் துடிப்பு திரும்பாத அழைப்புகளே அதிகம் என்பது எங்களுக்குத் தெரியும். அவற்றுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

அன்புடன்,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள்