மூக்கனேரிக் கரையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகச் சேலத்தின் மூக்கனேரிக்கு வந்திருந்த நண்பர்களுக்கும் கன்னங்குறிச்சி மக்களுக்கும் வணக்கம்.

அப்பா நேற்று வீடு திரும்பிவிட்டார். எழுந்து நடக்கிறார், இரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். கணக்கெடுப்பன்று காலை ஏரிக்கரையில் அவருக்குத் திடீரென உடல்நலம் குன்றியதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவரைத் தூக்கி வந்த இளைஞர்கள், பொங்கல் நெரிசலிலும் விரைந்து கொண்டுசேர்த்த ஆட்டோ ஓட்டுநர், இரவெல்லாம் உடனிருந்த குழுவினர், பாதியில் நின்ற கணக்கை முடித்து இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவேற்றிய கல்லூரி மாணவியர் என ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆனாலும், அந்த ஏரியில் மீன்பிடிக்கும் பரிசல்கார அண்ணனைப் பற்றித் தனியே சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. நாங்கள் பதறிக் கிளம்பியபோது அப்பாவின் செருப்பு கரைச் சேற்றிலேயே கிடந்திருக்கிறது. அந்த அண்ணன் அதை எடுத்து, வார் இடுக்கில் இருந்த சேறு வரை கழுவித் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, எந்த மருத்துவமனை என்று விசாரித்து, மாலையில் பேருந்து ஏறி வந்து சேர்ந்தார். "பெரியவர் வீட்டுக்குப் போறப்ப வெறுங்காலோட போகக் கூடாதுங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். மருத்துவர்கள் எதையும் உறுதியாகச் சொல்லாதிருந்த அந்த நேரத்தில், அப்பா வீட்டுக்கு வருவார் என்று என்னிடம் முதலில் சொன்னவர் அவர்தான். அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் அன்றிரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

கண்விழித்ததும் அப்பா கேட்டது, வடக்கேயிருந்து வலசை வந்து கரைக்கல்லின் மேல் வாலை ஆட்டியபடி நின்ற உள்ளான் பறவையைக் குறித்துக்கொண்டோமா என்பதைத்தான். குறைந்தது 15 நிமிடமாவது நின்று, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் எண்ண வேண்டும் என்பது இந்தக் கணக்கெடுப்பின் முறை. அப்பா அதில் ஒரு நிமிடமும் குறைக்கமாட்டார். 2010-இல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணைத் திட்டுகளாக்கி மரம் வளர்த்த ஏரி இது. அத்திட்டுகளைச் சுற்றி அன்றாடம் பரிசல் விடுகிறவருக்குத் தெரிந்த பறவைக் கணக்கு நம் பட்டியல்களில் இன்னும் ஏறவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அப்பாவும் நானும் அதே கரைக்கு வருவோம். எந்த மாதம் எந்தப் பறவை எந்தத் திட்டில் இறங்கும் என்று அந்த அண்ணனிடம் கேட்டு எழுதுவதற்காக, அப்பா இப்போதே ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.