எங்கள் ஊர் ஆலயத்தின் உள்ளே கை வைக்க அனுமதிக்காதீர்கள்

கவுன்சிலின் கட்டட அனுமதிக் குழுவினருக்கு,

வணக்கம். மத்திய வேல்ஸில் எங்கள் ஊர் சேப்பலை, அதாவது எங்கள் சிறிய ஆலயத்தை, விடுமுறை வீடாக மாற்றக் கேட்கும் விண்ணப்பம் உங்கள் முன் இருக்கிறது. பின்னணி உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினேன். ‘கிடைத்தது’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. இந்தப் பக்கம் குடியிருக்கும் நம் மக்களும் அறியட்டும் என்று இம்முறை தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியை நானே நேரில் கொண்டுவந்து தருவேன். கேட்பது ஒன்றுதான்: உள்ளே இருப்பதைக் கலைக்க அனுமதி தராதீர்கள்.

குருத்தோலை ஞாயிறை இங்கே பூ ஞாயிறு என்பார்கள். குடும்பக் கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும் நாள். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப் போனேன். அவருக்கு வயது 88. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம், காஞ்சொறிச் செடிகளுக்கு நடுவே, ஆலயத்துப் பெஞ்சுகளைச் சுற்றிய மர அடைப்புகளின் கதவுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. 14 என்று எண் போட்ட கதவைப் பார்த்ததும் பாட்டி நின்றுவிட்டார். அவருடைய அப்பா, அம்மா, கணவர் எல்லாரும் உட்கார்ந்த பெஞ்சு அது. உட்புறத்தில் கொண்டை ஊசியால் கீறிய கோடுகள். சிறுமியாக இருந்தபோது, பிரசங்கம் நீளும் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கோடு போடுவாராம். அதை விரலால் தடவினார். பிறகு கைக்குட்டையை எடுத்து ஈரத்தைத் துடைத்தார். மழை தூறிக்கொண்டே இருந்தது, அவரும் துடைத்துக்கொண்டே இருந்தார். கொண்டுபோன டஃபடில் பூக்களைக் கல்லறையில் வைக்க மறந்து வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

அனுமதியே இன்னும் வரவில்லை. அதற்குள் அந்தக் கதவு எப்படி வெளியே வந்தது, ஐயா?

வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் கல் களஞ்சியம்தான். அதற்குக் காரணம் உண்டு. 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம் வரும்வரை அரசின் அதிகாரபூர்வத் திருச்சபையான இங்கிலாந்து திருச்சபைக்கு வெளியே கூடித் தொழுவது குற்றம். வீட்டிலும் கொட்டகையிலும் ஒளிந்து கூடியவர்கள், சட்டம் வந்த பிறகும் அந்த எளிமையை விடவில்லை. 1690களில் ஒரு பண்ணைக் கட்டடத்தையே ஆலயமாக்கிக்கொண்ட மைசரோனென் சேப்பல் இன்றும் நிற்கிறது. இவர்கள் கோபுரம் கட்டவில்லை, காது கேட்பதற்காகக் கட்டினார்கள். எங்கள் ஆலயத்தில் நீளச் சுவரின் நடுவில் பிரசங்க பீடம். அதன் இருபுறமும் இரண்டு உயரமான ஜன்னல்கள். மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் மேல்மாடம். கடைசிப் பெஞ்சில் இருப்பவருக்கும் போதகர் மூச்சு வாங்குவது கேட்கும். பீடத்தின் காலடியில் ‘பெரிய இருக்கை’. அங்கே அமரும் மூப்பர்கள் பாட்டு தொடங்கியதும் எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். நாலு பக்கமும் பாட்டு எழும்பும்.

வரைபடத்தில் என்ன இருக்கிறது? கீழே சமையலறை, மேலே மூன்று படுக்கையறை. உயரமான அந்த ஜன்னல்களின் நட்டநடுவே ஒரு தளம் வருகிறது. பீடம் இருக்கும் இடத்தில் குளிர்பதனப் பெட்டி. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் உள்ளே இருப்பதும் சேர்த்துத்தான் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: உள்ளே இருப்பதைக் கலைக்க அனுமதி தராதீர்கள்.

ஆள் வருவதில்லை என்பீர்கள். கடைசி ஆராதனைக்கு ஒன்பது பேர்தான் வந்தோம், மறுக்கவில்லை. ஆனால் ஊரே இல்லாத மலைமேல், குதிரையேறி வந்த குடியானவர்களுக்காக 1822இல் கட்டிய சோவார்-அ-மனித் சேப்பல் இன்றும் இருக்கிறது. பீடத்துக்குப் பின்சுவரில் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்று வெல்ஷ் மொழியில் எழுதியதும் அப்படியே இருக்கிறது. வடமேற்கு வேல்ஸின் லீன் தீபகற்பத்து நான்ஹோரனில் 1770களின் சேப்பல் மண்தரையோடு நிற்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தபால் நிலையம் போனது. பள்ளிக்கூடம் போனது. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே வீடு வாங்க வழியில்லை, கோடையில் மட்டும் விளக்கெரியும் வீடுகள் தெருவுக்குத் தெரு. வட வேல்ஸின் கப்பெல் கெலின் கிராமம், இங்கிலாந்து நகரமான லிவர்பூலுக்குத் தண்ணீர் தரும் நீர்த்தேக்கத்துக்காக, தன் ஆலயத்தையும் இழந்து 1965இல் மூழ்கியது. அந்த மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல். எங்களுக்கு 40 ஆண்டு கழித்து வரும் மன்னிப்பு வேண்டாம், இப்போதே ஒரு மறுப்பு வேண்டும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் வாருங்கள். ஒருவரைப் பீடத்தில் நின்று பேசச் சொல்லி, மாடத்தின் கடைசியில் உட்கார்ந்து கேளுங்கள். அதுவரை கதவுகளை மழையிலிருந்து உள்ளே எடுத்துவைக்க உத்தரவிடுங்கள். 14ஆம் எண் கதவின் இரண்டு கீல்களையும் செடிக்குள்ளிருந்து பொறுக்கி வைத்திருக்கிறேன். எப்போது கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன்.

பணிவுடன்,
அந்த ஊரில் குடியிருக்கும் ஒரு தமிழர்