இட்லிப் பானைக்குள் பிளாஸ்டிக் தாள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் காலை இட்லிக் கடை போடுகிறவள் நான். இட்லி, வடகறி, ஞாயிற்றுக்கிழமை பாயா. எங்கள் பக்கத்தில் இட்லிப் பானைக்குள் நடப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பல கடைகளில் இப்போது இட்லித் தட்டில் துணியைக் காணோம். மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் குழிகளின் மேல் விரித்து, அதில் மாவை ஊற்றி வேக வைக்கிறார்கள். வெந்ததும் தாளோடு தூக்கிக் கவிழ்த்தால் இட்லி ஒட்டாமல் விழுந்துவிடுகிறது. ஏன் இதற்கு மாறினார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். துணி என்றால் ஒவ்வொரு ஈட்டுக்கும் நனைத்துப் பிழிய வேண்டும். ஒட்டினால் தண்ணீர் தெளித்து எடுக்க வேண்டும். கடை முடிந்ததும் மாவுப் பிசுக்குப் போக அலசி, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, வெயிலில் உலர்த்த வேண்டும். ஒருநாள் விட்டாலும் புளித்த வாடை வந்துவிடும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துப் புழங்குகிற தெருவில் இதெல்லாம் சின்ன வேலை இல்லை. அதனால் தாள் போடுகிறவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் செய்வது தப்பு.

"தாள் உருகவே இல்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் கொடுங்கையூர் பக்கம் கவர் தயாரிக்கும் ஒரு பட்டறையில் பல வருடம் மெஷின் ஓட்டியவர். அவர் சொல்வது இதுதான். சாதாரண மெல்லிய கவர் உருகுவதற்குச் சுமார் 110 டிகிரி சூடு வேண்டும். பானைக்குள் ஆவி 100 டிகிரி. ஆகவே உருகாது, இளகும். பிளாஸ்டிக் செய்யும்போது அதில் சாயம் சேர்க்கிறார்கள், வளைந்து கொடுக்கவும் வெடிக்காமல் இருக்கவும் வேறு கெமிக்கல்களும் சேர்க்கிறார்கள். இவற்றில் பலவும் பிளாஸ்டிக்கோடு இறுகிப் பிணைந்தவை அல்ல. சூடு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உணவில் இறங்கும். நேரம் கூடினால் இன்னும் இறங்கும், எண்ணெய் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். எண்ணெய் மிதக்கிற வடகறியை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கவரில் ஊற்றிக் கட்டுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்பீனால்-ஏ என்று பலரும் பயப்படுகிற பொருள் பெரும்பாலும் கெட்டியான பாலிகார்பனேட் பாட்டில்களோடு சம்பந்தப்பட்டது. மெல்லிய பாலிதீன் கவருக்கு அது தேவையில்லை. பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக்கை இளக்கமாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற கெமிக்கல் வகைதான் எண்ணெயில் எளிதில் கரைவது. அவற்றில் சில, உடம்பின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியவை. வெளிநாடுகளில் கோழியைப் பையில் போட்டு ஓவன் அடுப்பில் வேக வைக்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். அந்தப் பைகள் நைலான் அல்லது பாலியஸ்டரில் அதற்கென்றே செய்தவை, 200 டிகிரி வரை தாங்குபவை. எவ்வளவு சூட்டுக்கு என்று அதன் உறையிலேயே போட்டிருக்கும். நம் ஊரில் கிலோ கணக்கில் நிறுத்து வாங்குகிற தாளில் எதுவும் போட்டிருக்காது. அது என்ன பிளாஸ்டிக் என்று விற்கிறவருக்கும் தெரியாது. வடை தட்டவும் அதிரசம் தட்டவும் பால் கவர் வைத்துக்கொள்கிறோம். அது அடுப்பில் ஏறுவதில்லை, அதை நான் சொல்ல வரவில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது பழைய சரக்குதான். குப்பையில் பொறுக்கிய கவர்கள் மூட்டை மூட்டையாகப் பட்டறைக்கு வரும் என்பார் வீட்டுக்காரர். உர மூட்டையின் உள்பையும் இருக்கும், கெமிக்கல் வந்த பையும் இருக்கும். அலசி, உருக்கி, குருணையாக்கி மறுபடியும் கவராக ஊதுவார்கள். பல நிறமும் கலந்து அழுக்காக வருவதை மறைக்கக் கறுப்புச் சாயம் போடுவார்கள். குப்பைப் பைக்கு அது சரி. அதில் சூடாகச் சாம்பார் ஊற்றலாமா? இந்தப் பையில் முன்பு என்ன இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. மறுசுழற்சி பிளாஸ்டிக் பையில் உணவைக் கட்டக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டு விதி போட்டது; பிறகு ஆணையம் ஒப்புக்கொண்ட தரத்தில் செய்ததற்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்களில் கேரி பேக், உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள் எல்லாம் உண்டு. கர்நாடகத்தில் 2025 தொடக்கத்தில் 251 இடங்களில் சோதித்து, 52 இடங்களில் இட்லிக்கு பிளாஸ்டிக் தாள் போடுவதைக் கண்டுபிடித்தார்கள். உடனே தடை போட்டார்கள். அங்கே பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள், அதுதான் விஷயம். எங்கள் தெருவுக்கு ஆய்வுக்கு வருகிறவர்கள் பதினோரு மணிக்கு மேல் வருகிறார்கள். அதற்குள் பானை கழுவிக் கவிழ்த்தாகிவிடும். தொங்குகிற கேரி பேக்கை மட்டும் பறித்துக்கொண்டு அபராதம் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

சூடாகக் கவரில் கட்டுவது சாம்பாரோடு நிற்கவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்க டீ கவரில்தான் போகிறது. அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸோடு வரும் வாழைத்தண்டு சூப்பும் அப்படியே. அந்த டீயைக் குடிக்கத் தரும் காகிதக் கப்பின் உள்ளேயும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதில் 100 மில்லி சூடான தண்ணீரை ஊற்றி 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பாவம், வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி எங்கே இருக்கிறது? பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக அரசு துணி மஞ்சப்பை கொடுத்தது நல்ல காரியம், ஆனால் மஞ்சப்பையில் டீ ஊற்ற முடியாதே.

என் கடையில் தூக்கோ டிபன் பாக்ஸோ கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடப் போடுகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போது அதற்காகவே கிண்ணத்தோடு ஓடி வருகிறார்கள். துணிக்குப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்தால் நன்றாக உழைக்கும். துணியே வேண்டாம் என்றால் குழியில் நல்லெண்ணெய் தடவினால் போதும், தட்டை இறக்கிச் சற்று ஆறவிட்டு எடுத்தால் இட்லி உடையாமல் வரும்.

உணவுப் பாதுகாப்புத் துறையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஆய்வுக்குக் காலை ஐந்தரைக்கு வாருங்கள், மூடியைத் திறந்து பாருங்கள். முதல் தடவை அபராதம் எழுதாமல், ஏன் கூடாது என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாளையும் நாலு முழம் பருத்தித் துணியையும் கொடுங்கள். எங்களைப் போன்ற சிறு கடைகளைப் பதிவு செய்யும்போதே அதைச் செய்யலாம். கவர் பட்டறைகளிலும் தாள் விற்கும் மொத்தக் கடைகளிலும் சோதனை நடத்துங்கள். அங்கே விடுவதால்தான் அது எங்கள் தெருவுக்கு வருகிறது.

இப்படிக்கு,
ஓர் இட்லிக் கடைக்காரி,
தண்டையார்பேட்டை, சென்னை.